செடர் இரவும் சுகர் உள்ள விருந்தாளியும்

சுகர் உள்ள ஒருவரைப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டால், வீட்டில் முதல் பேச்சு இனிப்பைப் பற்றித்தான் வரும். அவருக்குத் தனியாக என்ன செய்வது, சர்க்கரை போடாமல் கேக் வருமா, பழம் மட்டும் கொடுத்தால் முகம் சுளிப்பாரா என்று. யூதர்களின் பெசாக் பண்டிகைக்கு இந்தக் கவலை பெரிதாக உதவாது. முதல் நாள் இரவு நடக்கும் செடர் விருந்தில் இனிப்பு மேசைக்கு வரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். விருந்தாளியின் சுகர் ஏற வேண்டியதும் இறங்க வேண்டியதும் அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அந்த வேலையைச் செய்வது ஒயினும், மட்சாவும், சாப்பாடு தாமதமாவதும்தான். எனவே இந்த அத்தியாயத்தில் இனிப்புக்குக் கடைசியில்தான் இடம்.

செடரைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர்கள் விடுதலையாகி வெளியேறிய கதையை, ஹகாதா என்னும் நூலை வைத்துக்கொண்டு குடும்பமே உட்கார்ந்து வாசிக்கும் இரவு அது. மொத்தம் 15 படிகள். நான்கு கோப்பை ஒயின் உண்டு. புளிக்காத மாவில் சுட்ட மொறுமொறுப்பான மட்சாவை மூன்று முறை சாப்பிட வேண்டும். கசப்புக் கீரையும், உப்புத் தண்ணீரில் தோய்த்த காயும் உண்டு. நாம் விருந்து என்று சொல்லும் சாப்பாடு 11-வது படியில்தான் வருகிறது. யூதக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தோ, அடுத்த வீட்டு நட்பினாலோ இந்த மேசையில் கை கொடுக்கும் தமிழர்கள் இப்போது அமெரிக்காவில் உண்டு. அவர்கள் இந்தப் பதினோராவது படியை மட்டும் மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

2027-இல் முதல் செடர் ஏப்ரல் 21, புதன்கிழமை இரவு. நியூயார்க்கில் அன்று சூரியன் மறைய மாலை 7:40 ஆகிவிடும். நன்றாக இருட்டிய பிறகு தொடங்கும் வீடுகளில் முதல் கோப்பை ஒயினைக் கையில் எடுக்கும்போதே எட்டரை. கை கழுவி, ஒரு துண்டுக் காயை உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்று, மட்சாவை இரண்டாக உடைத்து வைத்ததும் கதை வாசிப்பு ஆரம்பமாகும். குழந்தைகள் கேள்வி கேட்பார்கள், தாத்தாக்கள் விளக்கம் சொல்வார்கள், யாராவது ஒரு மாமா விவாதத்தைக் கிளப்புவார். ஒரு மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். இரண்டாம் கோப்பை முடிந்து, மட்சா, கசப்பு எல்லாம் ஆகி, சூப் கிண்ணம் எதிரில் வரும்போது பத்தேகால், பத்தரை.

வழக்கமாக ஏழு மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு இது மூன்றரை மணி நேரத் தாமதம். மாத்திரையில் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு வெறும் பசியோடு போய்விடும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரோ, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவரோ வழக்கமான நேரத்துக்கே மருந்தை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், கதை பாதியில் இருக்கும்போது சுகர் இறங்கத் தொடங்கும். கையில் நடுக்கம், வியர்வை, பேச்சில் தடுமாற்றம். மேசையில் ஏற்கெனவே ஒயின் ஓடியிருப்பதால் மற்றவர்கள் அதைப் போதை என்று நினைத்துச் சிரிப்பதும் நடக்கும்.

அதனால் விருந்தளிப்பவரின் முதல் வேலை அடுப்பில் இல்லை, தொலைபேசியில். ஒரு வாரம் முன்பே கூப்பிட்டு, "எங்கள் வீட்டில் முதல் கோப்பை எட்டரைக்கு, மட்சா பத்து மணிக்கு, சூப் பத்தேகாலுக்கு" என்று நேரத்தைச் சொல்லிவிடுங்கள். மருந்தை எப்போது, எவ்வளவு எடுப்பது என்பதை அவர் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வார். அதில் நீங்கள் யோசனை சொல்ல வேண்டாம். சொன்ன நேரத்தைக் காப்பாற்றுவதுதான் உங்கள் பொறுப்பு. பத்து மணி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரை ஆக்கினால், நேரம் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் அதே அழைப்பில் சொல்லலாம். பெசாக்குக்கு முந்தைய பகலில் மட்சா சாப்பிடுவதில்லை, ரொட்டியும் காலையோடு முடிந்துவிடும். அந்த இரண்டுக்கும் இடையில் பலர் நாள் முழுக்க ஒன்றும் தின்னாமல் வந்துவிடுகிறார்கள். தலைச்சன் பிள்ளைகளுக்கு அன்று நோன்பு என்ற மரபும் இருக்கிறது. காலையில் ஜெபாலயத்தில் ஒரு பாடம் படித்து முடிக்கும் சடங்கில் கலந்துகொண்டு பெரும்பாலோர் அதிலிருந்து விடுபட்டுவிடுவார்கள். உங்கள் விருந்தாளி பிற்பகல் ஐந்து மணி வாக்கில் இரண்டு முட்டை, கொஞ்சம் மீன், ஒரு பழம் என்று எடுத்துக்கொண்டு வந்தால் இரவு எல்லாருக்கும் நிம்மதி.

மேசையிலும் ஒரு வழி இருக்கிறது. உப்புத் தண்ணீரில் தோய்க்கும் காய்க்குக் கர்பஸ் என்று பெயர். கிழக்கு ஐரோப்பிய மரபில் வேகவைத்த உருளைக்கிழங்கை வைக்கிறவர்கள் உண்டு, பார்ஸ்லியும் செலரியும் வைக்கிறவர்களும் உண்டு. செலரியைத் தேர்ந்தெடுங்கள். கட்டுப்பாடு மிகுந்த வீடுகளில் கர்பஸை ஒரு துணுக்குக்கு மேல் தின்ன மாட்டார்கள். தளர்வான வீடுகளில் இந்த இடத்திலேயே ஒரு பெரிய தட்டு நிறையக் காய்களை வைத்து, வாசிப்பு நடக்கும்போது கொறிக்க விடுகிறார்கள். உங்கள் வீடு இரண்டாவது வகையானால் வெள்ளரி, செலரி, வேகவைத்த கூனைப்பூ, அவகாடோ என்று தாராளமாக அடுக்குங்கள். பசித்த குழந்தைகளும் ஆசீர்வதிப்பார்கள்.

நான்கு கோப்பை

இரண்டு கோப்பை சாப்பாட்டுக்கு முன், இரண்டு பின். முதல் இரண்டும் ஏறக்குறைய வெறும் வயிற்றில் போகின்றன. மது உள்ளே போனால் கல்லீரல் அதைக் கரைப்பதில் மும்முரமாகி, இரத்தத்துக்குச் சர்க்கரை விடும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். இன்சுலின் எடுப்பவருக்கு அதன் பின்விளைவு விடியற்காலையில்கூட வரலாம்.

இனிப்பான கான்கார்டு திராட்சை ஒயின் அமெரிக்க யூதர்களின் பாட்டி காலத்துப் பழக்கம். அதில் சர்க்கரை சேர்த்தே செய்கிறார்கள். அதற்குப் பதில் கபர்னே சாவின்யான் போன்ற இனிப்பில்லாத உலர் ஒயின், பெசாக்குக்கு ஏற்றது என்னும் கோஷர் முத்திரையோடு இஸ்ரேலிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் எத்தனையோ வருகின்றன. 100 மில்லிக்கு அதில் சுமார் 3 கிராம் மாச்சத்து. மது வேண்டாமென்று திராட்சைச் சாறு எடுத்தால் அதே 100 மில்லியில் 15 கிராம். நான்கு கோப்பைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றில் 12, மற்றதில் 60. ஒரு முழு வேளைச் சாப்பாட்டுக்கே 45 முதல் 60 கிராம் என்றுதான் பல உணவியலாளர்கள் கணக்குத் தொடங்குவார்கள். சாறு மட்டும் அதைத் தீர்த்துவிடுகிறது.

சுகருக்கு நல்லது என்று நினைத்துக் கோப்பை நிறையச் சாற்றை ஊற்றிக் கொடுப்பதுதான் இந்த மேசையில் அன்பான மனிதர்கள் செய்யும் வழக்கமான காரியம். விருந்தாளிக்கு மது ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் சாறு தவிர்க்க முடியாதுதான். அப்போது கோப்பையின் அளவு முக்கியம். மதச்சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கோப்பை, பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கில், 86 மில்லி. இன்னும் பெரிய அளவு சொல்லும் ரபிக்களும், அதாவது யூத மதகுருக்களும், உண்டு. அதிலும் கோப்பையின் பெரும்பகுதியைக் குடித்தால் கடமை தீர்ந்தது. பாட்டன் வழி வந்த வெள்ளிக் கோப்பை 150 மில்லி பிடித்தால், அதை அலமாரியிலேயே விட்டுவிட்டுச் சிறியதொன்றைத் தேடி எடுங்கள். ஒருவர் கையில் மட்டும் சின்னக் கோப்பை இருந்தால் கண்ணில் படும். எல்லாருக்குமே சின்னதாக வைத்துவிடுங்கள். சாற்றில் தண்ணீர் கலக்கலாமா, எவ்வளவு வரை, ஒயினைப் பாதி சாறாக்கலாமா என்பதையெல்லாம் அவர் தம் ரபியிடம் முன்னதாகவே கேட்டு வருவார்.

மஞ்சள் மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெசாக் சமயத்தில் அமெரிக்கக் கடைகளில் மஞ்சள் மூடி போட்ட கோக் பாட்டில் வரும். சோளச் சிரப்புக்குப் பதில் சர்க்கரை போட்டது என்பதுதான் அந்த மூடியின் சேதி. சுகருக்கு ஏற்றது என்று யாரும் எடுத்துவிடக் கூடாது.

தராசை முந்தின நாளே எடுங்கள்

சதுரமான இயந்திர மட்சா ஒன்று 30 கிராம் எடை. அதில் மாச்சத்து 25 கிராமை ஒட்டி. கையால் தட்டிச் சுட்ட வட்ட மட்சா தாம்பாளம் மாதிரி இருக்கும். ஒரு பவுண்டு பெட்டியில் ஏழெட்டுதான் அடங்கும், அதாவது ஒன்று ஏறக்குறைய 60 கிராம். ஒவ்வொன்றும் ஒரே எடையில் இருக்காது. ஒரு பக்கம் தடித்திருக்கும், இன்னொரு பக்கம் கொப்புளம் கருகி மெலிந்திருக்கும். பார்த்து மதிப்பிடவே முடியாது. இன்சுலின் அளவை மாச்சத்தை வைத்துக் கணக்கிடுகிறவருக்கு இது பெரிய தொல்லை.

பண்டிகை தொடங்கிவிட்டால் மரபு காக்கும் வீட்டில் தராசைத் தொட மாட்டார்கள். எனவே முந்தின நாள் பகலில், சமையலறைத் தராசு ஒன்றும் சிறிய ஜிப் பைகளும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒலிவ அளவு என்று பொருள்படும் கஸாயித் தான் சாப்பிட வேண்டிய அலகு. அது எவ்வளவு என்பதில் ரபிக்களிடையே பெரிய வேறுபாடு உண்டு. இயந்திர மட்சாவில் மூன்றில் ஒரு பங்கு என்பாரும் உண்டு, பாதிக்கு மேல் என்பாரும் உண்டு. விருந்தாளி எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொண்டு, அந்த அளவுக்கு உடைத்து, எடை பார்த்து, மூன்று பை கட்டுங்கள். முதல் மட்சாவுக்கு ஒன்று, கசப்புக் கீரையை நடுவில் வைத்துத் தின்னும் கோரேக்குக்கு ஒன்று, சாப்பாடு முடிந்து கடைசியாகத் தின்னும் அஃபிகோமானுக்கு ஒன்று. 15 கிராம் பை என்றால் அதில் மாச்சத்து 12 முதல் 13. பையின் மேல் எண்ணை எழுதிவிடுங்கள். அதையும் பகலிலேயே செய்ய வேண்டும், இருட்டிய பின் எழுதக் கூடாது. சடங்குக்கு உரிய முழு மட்சாக்கள் தட்டிலேயே இருக்கட்டும். பெரிய மேசைகளில் அவற்றிலிருந்து ஆளுக்கொரு துணுக்குத்தான் வரும், மீதியைத் தனித் தட்டிலிருந்து நிரப்பிக்கொள்வது வழக்கம்தான். ஆகவே இந்தப் பை யார் கண்ணையும் உறுத்தாது.

முழுக்கோதுமை மட்சாவில் நார்ச்சத்து கூடுதல். மாச்சத்து ஏறக்குறைய அதேதான். ஸ்பெல்ட் கோதுமை மட்சாவுக்கும் இதே கதை. விலை அதிகம் என்பதாலேயே சுகருக்கு நல்லது என்று நம்பி வாங்க வேண்டாம்.

அஃபிகோமானுக்குப் பிறகு எதையும் தின்னக் கூடாது என்பது விதி. அதையும் நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டும். சூரியக் கணக்கில் அந்த நள்ளிரவு நியூயார்க்கில் அன்று ஒரு மணிக்குச் சற்று முன்பு. மூன்றாம், நான்காம் கோப்பைகள் அதற்குப் பின்னால் வருகின்றன. விருந்தாளி படுக்கப் போகும்முன் ஏதாவது தின்ன வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், மருத்துவம்தான் முந்தும். உயிரைக் காப்பது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளுக்கும் மேலானது என்பது யூதச் சட்டத்தின் உறுதியான நிலை. அதில் யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

அடுப்பில்

கட்டாயமான கணக்கு இத்துடன் முடிந்தது. உலர் ஒயின் 12, மட்சா மூன்று பை 38. ஆக 50 கிராம், சூப் வரும் முன்பே ஒதுக்கியாகிவிட்டது. இனி வரும் சாப்பாட்டில் மாச்சத்துக்கு அதிக இடமில்லை. நல்ல வேளையாக, இந்தச் சாப்பாட்டின் நாயகர்கள் முட்டையும் மீனும் கறியும்தான். அவித்த முட்டையை உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்று தொடங்குவதே பல வீடுகளின் வழக்கம். அதைத் தாராளமாக வையுங்கள்.

கெஃபில்டே என்னும் மீன் உருண்டையில் இரண்டு கட்சி. போலந்து வழியினர் சர்க்கரை போட்டு இனிப்பாகச் செய்வார்கள். லித்துவேனியா வழியினர் மிளகு போட்டுக் காரமாக. இந்த ஒரு இரவுக்கு லித்துவேனியாவோடு சேர்ந்துகொள்ளுங்கள். பாட்டிலில் வருவது பெரும்பாலும் இனிப்பு வகை, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். தொட்டுக்கொள்ளும் பீட்ரூட் கலந்த ஹார்ஸ்ராடிஷ் பாட்டிலிலும் சர்க்கரை ஒளிந்திருக்கும். வேரை வாங்கி நீங்களே துருவினால் கண்ணீரும் மூக்கும் சேர்ந்து ஓடும், சர்க்கரை இருக்காது.

கோழி சூப்பில் மிதக்கும் மட்சா உருண்டையை நான் விலக்கச் சொல்ல மாட்டேன். அது இல்லாத செடர் பலருக்குச் செடரே இல்லை. ஒரு கப் மட்சா மாவுக்கு நாலு முட்டை, கொஞ்சம் கோழிக் கொழுப்பு, உப்பு. குளிர வைத்து, ஈரக்கையால் எலுமிச்சை அளவுக்கு 16 உருட்டினால் ஒன்றுக்கு 6 கிராம் மாச்சத்துத்தான். பலரும் கிண்ணத்தை நிறைக்கும் பந்தாக உருட்டுவதால்தான் அது 20-ஐத் தொடுகிறது. மாவில் பாதியை பாதாம் பொடியாக்கினால் இன்னும் குறையும். உருண்டை சற்று கனமாகும், ருசி கெடாது.

பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறியில்தான் கவனம் வேண்டும். கறியில் என்ன சர்க்கரை என்று கேட்பீர்கள். கெச்சப், பழுப்புச் சர்க்கரை, பாக்கெட் வெங்காய சூப் பொடி, சில வீடுகளில் ஒரு பாட்டில் கோக் என்று எல்லாமே அதன் குழம்பில்தான் போய்ச் சேரும். அவற்றை விட்டுவிடுங்கள். இரண்டரைக் கிலோ கறிக்கு ஐந்து பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, எண்ணெயில் முக்கால் மணி நேரம் சின்னத் தீயில் வதக்குங்கள். அவசரப்படக் கூடாது. முதலில் நீர் விட்டு வெளுக்கும், பிறகு சுருங்கும், கடைசியில் செம்பழுப்பாகிப் பாத்திரத்தின் அடியில் ஒட்டும். அந்த நேரத்தில் ஒரு கப் உலர் சிவப்பு ஒயினை விட்டுச் சுரண்டினால், குழம்புக்கு வேண்டிய இனிப்பும் நிறமும் வந்துவிடும். இரண்டு தக்காளி, பத்துப் பல் பூண்டு, பிரிஞ்சி இலை, மிளகு சேர்த்து, இரண்டு பக்கமும் வறுத்த கறியை அதில் அமர்த்தி, இறுக்க மூடி 160 டிகிரி செல்சியஸில் மூன்றரை மணி நேரம். முந்தின நாளே செய்து குளிரவைத்தால் மேலே உறையும் கொழுப்பை வழித்துவிடலாம், கறியும் இழைக்குக் குறுக்காக அழகாக நறுக்க வரும்.

சுகர் உள்ளவர் வீட்டில் நாம் உடனே பருப்பு, கொண்டைக்கடலை, பயறு என்று யோசிப்போம். இங்கே அது செல்லாது. கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களில் மரபு காப்பவர்கள் பெசாக்கின்போது பருப்பு, அரிசி, சோளம் எதையும் தொட மாட்டார்கள். கித்னியோத் என்று இவற்றைச் சொல்வார்கள். இன்னொரு பெரிய மரபைச் சேர்ந்த ஸெஃபார்தி யூதர்கள் பலர் சாப்பிடுவார்கள். யூத மதத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 2015-இல் இதற்கு அனுமதி கொடுத்தது. விருந்தாளி எந்த வழக்கம் என்று தெரியாமல் சுண்டல் செய்துவிடாதீர்கள். செயற்கை இனிப்புப் பொடிகளிலும் இதே சிக்கல். பாக்கெட்டுகளில் நிரப்பியாகச் சோளத்திலிருந்து எடுத்த பொருள்கள் கலந்திருக்கும். பெசாக் முத்திரை உள்ளதை மட்டும் வாங்க வேண்டும்.

உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் குகெலுக்குப் பதில் காலிஃபிளவரையோ சுக்கினியையோ அதே முறையில் முட்டையோடு சுடலாம். ஏப்ரல் என்பதால் அஸ்பாரகஸ் நன்றாகக் கிடைக்கும். கேரட்டும் உலர்ந்த பிளம்ஸும் தேனும் சேர்ந்த சிம்மெஸைச் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், அவ்வளவுதான்.

ஹரோசெத் என்னும் பழக் கலவை செங்கல் அடிக்கும் சாந்தை நினைவூட்டுவது. சடங்குக்குக் கசப்பை அதில் தோய்த்தால் போதும். ஆனால் பசியில் இருப்பவர்கள் அதைக் கரண்டியால் அள்ளுவார்கள். இரண்டு பச்சை ஆப்பிள், ஒரு கப் வால்நட், பட்டைப் பொடி, நாலு கரண்டி உலர் ஒயின் என்று நறுக்கிச் செய்தால் மேசைக்கரண்டிக்கு 2 கிராமைத் தாண்டாது. பேரீச்சை அரைத்துச் செய்யும் வகை ருசியில் ஒரு படி மேல்தான். சுகர் கணக்கில் அதற்கு இன்று இடமில்லை.

இனிப்புக்கு ஸ்ட்ராபெரி, பாதாம், பால் சேராத கருப்பு சாக்லேட். கறிச் சாப்பாட்டுக்குப் பின் பாலோ வெண்ணெயோ கூடாது என்பதை மறக்க வேண்டாம். தேங்காய் மக்ரூனை யாராவது கொண்டுவருவார்கள், நம் தூத்துக்குடி மக்ரூனுக்கு முந்திரி இல்லாத உறவினர். 'க்ளூட்டன் இல்லை' என்று அச்சடித்த பெசாக் கேக்குகளில் பல உருளைக்கிழங்கு மாச்சத்தால் ஆனவை. அந்த எழுத்தை வைத்து ஏமாற வேண்டாம்.

கைக்கெட்டும் தூரத்தில்

விருந்தாளியின் நாற்காலிக்கு அருகே ஒரு சின்ன பாட்டில் திராட்சைச் சாறு இருக்கட்டும். சற்று முன் எதை வேண்டாம் என்றோமோ அதுவேதான். சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் வேகமான சர்க்கரை, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை என்பது வழக்கமான முறை. அரைக் கப் சாறு அதற்குச் சரியாக இருக்கும். பெசாக் முத்திரை உள்ள சாறு என்பதால் யாருக்கும் தயக்கமும் வராது. மயங்கிக் கிடப்பவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். பண்டிகை என்று பார்க்காமல் தொலைபேசியை எடுக்கலாம், எடுக்க வேண்டும்.

அவர் சோதித்துப் பார்க்கவும் ஊசி போடவும் ஒரு தனி அறையில் விளக்கைப் போட்டே வையுங்கள். பண்டிகை தொடங்கிய பிறகு அதைப் போடவோ அணைக்கவோ மரபு காக்கும் வீட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பரிமாறும்போது "இது உங்களுக்கு ஆகுமா?" என்று பதினைந்து பேர் முன்னால் கேட்காதீர்கள். எதில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பகலிலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இப்போது எடை குறைக்கும் ஊசி போடுகிறவர்களும் நிறைய. அவர்களுக்கு நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். இன்னும் ஒரு துண்டு என்று வற்புறுத்த வேண்டாம்.

நீங்கள் விருந்தளிப்பவர் இல்லை, உதவிக்குப் போகிறவர் என்றால் உங்கள் சமையலறையிலிருந்து எதையும் செய்து எடுத்துப் போகாதீர்கள், காலிஃபிளவர் பொரியல்கூட. அந்த வீட்டின் பாத்திரங்களே பெசாக்குக்கென்று தனியாக வைத்திருப்பவை. பூங்கொத்து, அல்லது பெசாக் முத்திரையுள்ள பிரிக்காத உலர் ஒயின் பாட்டில் போதும்.

இஸ்ரேலில் செடர் ஒரே இரவு. வெளியே வாழும் மரபு வழி யூதர்கள் மறுநாள் இரவும் இதையே முழுக்கத் திரும்பச் செய்கிறார்கள். அந்த இரவுக்கு எடை பார்க்கவோ எழுதவோ வாய்ப்பிருக்காது. தராசை எடுத்த அன்றே மூன்று பைக்குப் பதில் ஆறு பை கட்டி வையுங்கள்.